சோழமண்டலத் தச்சரும் சீமை நாற்காலியும்

நாம் வீட்டில் புழங்கும் மரச்சாமான்களின் பெயர்களே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. கட்டில், மணை, முக்காலி, ஊஞ்சல், பெட்டகம் என்பன நம் சொற்கள். மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்தார் நாற்காலியைக் 'கதிரை' என்பர். அதுவும் போர்த்துக்கீசியச் சொல்லே. 'டீப்பாய்' என்னும் சொல்லின் பயணம் இன்னும் வேடிக்கையானது. மூன்று கால் உடையது என்ற பொருளில் இந்தியில் வழங்கிய சொல் ஆங்கிலத்துக்குப் போய், தேநீரோடு தொடர்புடையதைப் போன்ற உருவம் பெற்று, மீண்டும் நம் கூடத்துக்கே வந்து சேர்ந்தது.

சொற்கள் இப்படிக் கடல் கடந்து போய் வந்தது போலவே மரச்சாமான்களின் உருவங்களும் போய் வந்தன. ஐரோப்பியர் கொண்டுவந்த நாற்காலியைப் பார்த்து அதுபோல் ஒன்று செய்து கொடுத்தவர்கள் நம் கடற்கரைத் தச்சர்கள். ஏறத்தாழ 350 ஆண்டுகளாக இவ்வேலை நடந்து வருகிறது. இன்று 'பழைய பாணி மரச்சாமான்' என்ற பெயரில் புதுச்சேரியிலும் காரைக்குடியிலும் விற்பனையாகும் நகல்கள் இந்த நீண்ட தொடரின் கடைசிக் கண்ணிகள். நகல் செய்வது எளிய வேலை என்று பலரும் எண்ணுகின்றனர். அது எவ்வளவு அறிவு வேண்டும் வேலை என்பதையும், உண்மைப் பொருளையும் நகலையும் போலியையும் பிரித்தறிய அறிவியல் எப்படி உதவுகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நான்கு கொடிகள் பறந்த கரை

திருக்கடையூர் என்றதும் அபிராமி அம்மன் கோயிலும், அங்கு நடைபெறும் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நம் நினைவுக்கு வரும். அவ்வூரிலிருந்து தென்கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் தரங்கம்பாடி. 1620ல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க் நாட்டார் அங்கே டான்ஸ்பெர்க் கோட்டையைக் கட்டினர். அங்கிருந்து தெற்கே காரைக்கால். 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இன்னும் தெற்கே நாகப்பட்டினம். போர்த்துக்கீசியரிடமிருந்து 1658ல் ஒல்லாந்தருக்கும், 1781ல் ஆங்கிலேயருக்கும் போயிற்று. இவ்வாறு காவிரிக் கழிமுகத்தின் சிறியதொரு நெல்வயல் நாட்டின் ஓரத்தில் பல ஐரோப்பிய நாட்டார் அடுத்தடுத்துக் குடியேறினர்.

வந்தவர்கள் தரையில் பாய் விரித்து அமர்பவர்கள் அல்லர். அவர்களுக்கு நாற்காலி வேண்டும். உண்பதற்கு மேசை வேண்டும். கணக்கெழுத இழுப்பறை வைத்த சாய்வுப் பெட்டி வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் கப்பற் பயணத்தில் இவற்றையெல்லாம் ஏற்றி வருவது செலவு மிக்கது. கப்பலில் இடமும் குறைவு. ஆகவே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, "இதுபோல் பன்னிரண்டு செய்" என்று உள்ளூர்த் தச்சரிடம் கொடுப்பதே வழக்கமாயிற்று. சில வேளைகளில் மாதிரிக்குப் பொருளே இருக்காது. ஒரு படம் மட்டுமே இருக்கும்.

கழிமுக நாட்டுத் தச்சருக்கு மரவேலை புதிதன்று. கோயில்களுக்குத் தேரும் வாகனமும் செய்தவர்கள் அவர்கள். உளி, வாய்ச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி, துரப்பணம், மூலைமட்டம் ஆகிய கருவிகளோடு தரையில் அமர்ந்து, கட்டையைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டு வேலை செய்வர். இதைக் கண்ட ஐரோப்பியப் பயணிகள் பலர் வியந்து எழுதினர். மாதிரியை அப்படியே செய்யும் திறமையைப் பாராட்டினர். ஆனால் "பார்த்துச் செய்வதைத் தவிர வேறொன்றும் அறியார்" என்ற கருத்தையும் சேர்த்துப் பரப்பினர். இக்கருத்து சரிதானா? இங்கே செய்யப்பட்டு இன்றும் எஞ்சியுள்ள பொருள்களே அதற்கு விடை கூறுகின்றன.

வால்போல் ஏமாந்த கதை

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோழமண்டலக் கரையில் கருங்காலி மரத்தாலான ஒருவகை நாற்காலிகள் செய்யப்பட்டன. தாழ்வான இருக்கை, முறுக்கிய கயிறு போலக் கடைந்த கால்களும் தூண்களும், முதுகுச் சட்டம் முழுவதும் பூவும் கொடியுமாகச் செதுக்கல், உட்காருமிடத்தில் பிரம்புப் பின்னல். கருங்காலி தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. உளியை எளிதில் ஏற்காது. அதில் இவ்வளவு நுண்ணிய வேலை செய்வதற்குக் கைத்திறமும் பொறுமையும் மிகுதியாக வேண்டும். இவற்றில் பல ஒல்லாந்தர், ஆங்கிலேயர் கப்பல்களில் ஐரோப்பா சென்றன.

நூறு ஆண்டுகள் கழிந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பது அங்கே மறந்து போயிற்று. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பழம்பொருள் ஆர்வலராகப் புகழ் பெற்றிருந்தவர் ஹொரேஸ் வால்போல். கருப்பாகவும் முறுக்குத் தூண்களோடும் இருந்த இந்நாற்காலிகளை அவர் கண்டார். இவை 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி காலத்து ஆங்கிலத் தச்சர்கள் செய்தவை என்று முடிவு கட்டினார். விலை கொடுத்து வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் பெருமையோடு வைத்தார். அவர் சொன்னதைப் பிறரும் நம்பினர். 19ஆம் நூற்றாண்டிலும் ஆங்கிலேயரின் பழைய மரச்சாமான்களுக்கு எடுத்துக்காட்டாக இவற்றின் படங்கள் அச்சாயின. உண்மை தெளிவாக நிலைபெற 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

சீமை நாற்காலியைப் பார்த்து நம் தச்சர் நகல் செய்தார் என்பது ஒரு பக்கம். நம் தச்சர் செய்ததையே சீமையின் மூலப்பொருள் என்று சீமையார் போற்றியது மறுபக்கம். ஒரு பொருளின் மீது செய்தவர் பெயரும் ஊரும் இல்லாவிட்டால் அறிஞர்கூட இப்படி ஏமாற நேரும்.

படப் புத்தகங்களின் காலம்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகல் செய்வதற்கு ஒரு புதிய கருவி கிடைத்தது. அது அச்சிட்ட படப் புத்தகம். 1754ல் லண்டன் தச்சர் தாமஸ் சிப்பெண்டேல் மேசை நாற்காலிகளின் படங்களைப் பெரிய நூலாக வெளியிட்டார். 1788ல் ஜார்ஜ் ஹெப்பிள்வைட்டின் படங்களை, அவர் மறைவுக்குப் பின் அவர் மனைவி வெளியிட்டார். 1791 முதல் தாமஸ் ஷெராட்டனின் நூல் பகுதி பகுதியாக வந்தது. கீழ் நோக்கிக் குறுகும் மெல்லிய கால்கள், நேர்க்கோடுகள், நீள்வட்டங்கள், வெளிர்நிற மரக்கோடுகளைப் பதித்த அலங்காரம் ஆகியவை இந்தப் பிற்காலப் பாணியின் அடையாளங்கள்.

அதே சமயத்தில் விடுதலை பெற்ற அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பாணி மிக விரும்பப்பட்டது. சுமார் 1780க்கும் 1820க்கும் இடையில் அங்கே செய்யப்பட்ட இவ்வகைச் சாமான்களை 'ஃபெடரல் பாணி' என்று அழைக்கின்றனர். 'கூட்டாட்சிக் காலப் பாணி' என்று நாம் சொல்லலாம். நியூயார்க்கில் டங்கன் ஃபைஃபும், மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் சாமுவேல் மெக்கின்டயரும் இதில் பெயர் பெற்றவர்கள். (அந்தச் சேலத்துக்கும் நம் சேலத்துக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு உறவு இல்லை.) புதிய குடியரசின் சின்னமான கழுகின் உருவத்தை மேசை நாற்காலிகளில் பதித்தது ஒன்றே அமெரிக்கருக்கு உரியது, ஏனைய வடிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து எடுத்தவை. அந்த ஆங்கிலப் பாணியோ, ராபர்ட் ஆடம் என்னும் கட்டடக் கலைஞர் இத்தாலியில் பழைய ரோமானியச் சின்னங்களைப் பார்த்து வந்ததன் விளைவு. ஆக, இன்று அரிய மூலப்பொருளாகப் பெருவிலைக்குப் போகும் ஃபெடரல் மேசையும் ஒரு வகையில் நகலின் நகலே!

இதே காலத்தில் நம் கரையில் நடந்தது என்ன? 1784 டிசம்பரில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்னும் கப்பல் புதுச்சேரியில் வந்து நங்கூரம் இட்டது. இந்தியாவோடு வாணிகம் செய்ய வந்த முதல் அமெரிக்கக் கப்பல் இது. பின்னர்ச் சேலம் நகர வணிகரின் கப்பல்களும் இந்தியத் துறைமுகங்களுக்கு வரலாயின. கிழக்குக் கடல்களில் பயணம் செய்த மாலுமிகள் 1799ல் அங்கே அமைத்த சங்கத்தின் சேகரிப்பே பின்னர் ஒரு பெரிய அருங்காட்சியகமாக வளர்ந்தது.

தரங்கம்பாடியில் 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்தவர் பீட்டர் ஆங்கர். அவர் குடும்பத்தவரான கார்ஸ்டன் ஆங்கர் கோபன்ஹேகனில் அரசு நடத்திய மரச்சாமான் பண்டகசாலைக்கு 1781 முதல் தலைமை வகித்தவர். 1777ல் தொடங்கிய அப்பண்டகசாலை, தச்சர்களுக்கு நல்ல மரமும் வரைபடங்களும் கொடுத்து, ஆங்கிலப் பாணியை ஒட்டிய மேசை நாற்காலிகளைச் செய்வித்தது. லண்டன், கோபன்ஹேகன், பாஸ்டன், சென்னை ஆகிய நகரங்களில் ஒரே பாணியின் கிளைகள் அந்நாளில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தழைத்தன. விசாகப்பட்டினத்துக் கம்மியர் ஆங்கில வடிவ நாற்காலிகளிலும் பெட்டிகளிலும் தந்தத் தகடுகளைப் பதித்து, அதில் கருங்கோடுகளால் படம் வரைந்து, தமக்கென ஒரு பாணியையே உருவாக்கினர்.

மரமும் ஒரு திசையில் மட்டும் செல்லவில்லை. மகோகனி மேற்கிந்தியத் தீவுகளின் மரம். அதன் கன்றுகள் 1795ல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. பட்டுப் போலப் பளபளக்கும் மஞ்சள்நிற முதிரை நம்முடையது. தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் இலங்கையின் வன்னிக் காடுகளிலும் வளர்வது. மேற்கிந்தியத் தீவுகளில் கிடைத்த இதுபோன்றதொரு மரத்தை முதலில் பயன்படுத்திய ஆங்கிலத் தச்சர்கள், பின்னர் நம் முதிரையையும் விரும்பி வாங்கினர்.

நகலில் நேர்ந்த மாற்றங்கள்

இனி நம் தச்சர்கள் "பார்த்தபடி" மட்டும் செய்தார்களா என்ற கேள்விக்கு வருவோம். அக்காலத்து ஐரோப்பியச் சாமான்களோடு இங்கே செய்தவற்றை ஒப்பிட்டால் மூன்று வேறுபாடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, மரம். ஹெப்பிள்வைட் பாணியில் மேசையின் உடல் மலிவான மரத்தாலானது. அதன்மேல் விலையுயர்ந்த மரத்தை மெல்லிய தகடாக அறுத்து ஒட்டுவர். ஒட்டுவதற்குத் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுத்த வச்சிரம் பயன்பட்டது. வச்சிரம் ஒரு புரதப்பொருள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்தால் இளகும், பூசணம் பிடிக்கும், பூச்சிகளும் அதை உண்ணும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடலோர ஊர்களில் இத்தகைய தகடுகள் உப்பிக் கழன்றுவிடும். இதனால் இங்கே தகடு ஒட்டும் முறை பெரிதும் கைவிடப்பட்டது. தேக்கு, ஈட்டி போன்ற மரங்களை முழுக் கட்டையாகவே பயன்படுத்தினர். இவை இங்கே எளிதில் கிடைத்ததும் ஒரு காரணம். தேக்கில் உள்ள எண்ணெய்ப் பொருள்களும் 'டெக்டோகுயினோன்' என்னும் வேதிப்பொருளும் கரையானை அண்டவிடாமல் காக்கின்றன.

இரண்டாவது, இருக்கை. குதிரை மயிர் அடைத்துத் துணி தைத்த மெத்தை இருக்கை குளிர்நாட்டுக்கு ஏற்றது. நம் வெயிலில் அது வியர்வையை உறிஞ்சி நாறும். பூச்சிகளுக்குப் புகலிடம் ஆகும். எனவே படத்தில் மெத்தை இருந்தாலும் நம் தச்சர் பிரம்புப் பின்னலைப் போட்டார். காற்று அதன் கண்களின் வழியே தாராளமாகச் சென்றுவரும். நாற்காலியில் பிரம்பு பின்னும் பழக்கம் 17ஆம் நூற்றாண்டில் ஆசியாவிலிருந்தே ஐரோப்பாவுக்குச் சென்றது.

மூன்றாவது, பொருத்து. ஒரு கட்டையில் துளை வெட்டி, மறு கட்டையின் முனையை நாக்குப் போலச் செதுக்கி உள்ளே செலுத்துவது எல்லா நாட்டுத் தச்சருக்கும் பொதுவான முறை. அதை ஒட்டுப்பசையால் மட்டும் பிடிக்கச் செய்யாமல், குறுக்கே துளையிட்டு மர ஆணி அடித்து இறுக்குவது இங்கே மிகுதி. பசை இளகினாலும் ஆணி விடாது. பழுதுபார்க்க வேண்டுமானால் ஆணியைத் தட்டி எடுத்து நாற்காலியைப் பிரித்துவிடலாம்.

இம்மூன்று மாற்றங்களையும் எந்தப் படப் புத்தகமும் கற்பிக்கவில்லை. மரத்தையும் மழையையும் அறிந்த தச்சரின் பட்டறிவே கற்பித்தது. உருவத்தை வெளிநாட்டிலிருந்து பெற்றுக்கொண்டு, உள்ளமைப்பை இந்நாட்டுக்கு ஏற்ப அவர் மாற்றினார். இன்று அருங்காட்சியக அறிஞர்கள் ஒரு நாற்காலியைப் பார்த்து, "இது சோழமண்டலக் கரையைச் சேர்ந்தது" என்று கூற முடிவதும் இம்மாற்றங்களால்தான்.

மரம் மூச்சு விடுகிறது

இம்மாற்றங்களின் அடிப்படையைப் புரிந்துகொள்ள மரத்தின் இயல்பைச் சிறிது அறிய வேண்டும். வெட்டி உலர்த்திய பின்னும் மரம் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்ப நீரை ஏற்றும், விடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்குமிடத்தில் மரத்தின் ஈரம் சுமார் 16 விழுக்காட்டில் வந்து நிற்கும். ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காடானால் மர ஈரம் சுமார் 6 விழுக்காடாகக் குறையும். மழைக்காலக் கடலோர வீடு முதல் வகைக்கும், குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அமெரிக்க வீடு இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டு.

ஈரம் குறையும்போது மரம் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. நீளவாக்கில், அதாவது நார் ஓடும் திசையில், சுருக்கம் மிகமிகக் குறைவு. அகலவாக்கில் அதிகம். தேக்குப் பலகை பச்சை மர நிலையிலிருந்து முழுதும் உலரும்வரை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் 6 விழுக்காடு அளவுக்குச் சுருங்கும். வளையங்களுக்குக் குறுக்கே இதில் பாதிக்கும் குறைவு. தேக்கு சுருக்கம் குறைந்த மரங்களில் ஒன்று. ஓக் மரம் இதைவிடக் கூடுதலாகச் சுருங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மர ஈரம் 1 விழுக்காடு குறைந்தால் தேக்குப் பலகையின் அகலம் ஏறத்தாழ 0.19 விழுக்காடு குறையும் என்று கொள்வோம். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள மேசைப் பலகை 16 விழுக்காட்டு ஈரத்தோடு தரங்கம்பாடியில் செய்யப்பட்டு, பாஸ்டன் நகரத்து வீட்டில் 6 விழுக்காட்டுக்கு வருகிறது. வேறுபாடு 10 விழுக்காடு. அகலத்தில் குறைவு 1.9 விழுக்காடு, அதாவது 11 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம்! பலகையைச் சட்டத்தோடு அசையாதபடி பசையிட்டு ஆணி அடித்திருந்தால் அது நடுவில் பிளந்துவிடும். மெருகுப் பூச்சு இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது.

இதற்குப் பழைய தச்சர்கள் கண்ட வழி எளிது. பலகையைச் சட்டத்தின் காடிக்குள் தளர்வாகச் செருகிவிடுவார்கள், பசை போடமாட்டார்கள். பலகை விரியவும் சுருங்கவும் உள்ளே இடம் இருக்கும். நம் பழைய வீட்டுக் கதவுகளைப் பாருங்கள். நடுப்பலகைகள் சட்டத்துக்குள் செருகியே இருக்கும். கதவு செய்த கைக்கு இது தெரிந்திருந்ததால் சீமை அலமாரி செய்யும்போதும் அது பயன்பட்டது.

உண்மையா, நகலா, போலியா?

பழைய பொருள் எனக் காட்டப்படும் மேசை உண்மையில் பழையதா என்று அறிய வல்லுநர்கள் பல சோதனைகள் செய்வர். அவற்றுள் சில நாமே செய்யக்கூடியவை.

வட்ட மேசை ஒன்றைக் கண்டால் நார் ஓடும் திசையில் ஒரு தடவையும், அதற்குக் குறுக்கே ஒரு தடவையும் அளந்து பாருங்கள். செய்தபோது சரியான வட்டமாக இருந்த பலகை, ஆண்டுகள் செல்லக் குறுக்கே சுருங்கி முட்டை வடிவை நெருங்கியிருக்கும். 90 சென்டிமீட்டர் வட்டத்தில் மர ஈரம் 4 விழுக்காடு குறைந்தாலே சுமார் 7 மில்லிமீட்டர் வேறுபாடு ஏற்படும். ஆனால் இது மட்டுமே முடிவான சான்று ஆகாது. சரியாக உலராத மரத்தில் செய்த புது மேசையும் சில மாதங்களில் இப்படிச் சுருங்கக்கூடும்.

அடுத்து, அடிப்பக்கம். இருவர் மேலும் கீழும் நின்று இழுக்கும் கைரம்பம் பலகையில் நேர்க்கோட்டுத் தழும்புகளை விடும். 19ஆம் நூற்றாண்டில் பரவிய வட்டரம்பம் வில் போல் வளைந்த தழும்புகளை விடும். 18ஆம் நூற்றாண்டு மேசை என்று சொல்லப்படுவதன் அடியில் வளைந்த தழும்பு இருந்தால் ஐயப்பட வேண்டும். திருகாணியையும் நோக்க வேண்டும். கையால் செய்த பழைய திருகாணியின் முனை மழுங்கியிருக்கும். கூர்முனையுள்ள திருகாணிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவின. ஒட்டிய தகடும் காலத்தைச் சொல்லும். கையால் அறுத்தது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். இன்றைய இயந்திரத் தகடு பெரும்பாலும் அதில் பாதியே.

இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் வேண்டுமென்றே ஏமாற்ற நினைத்தால்? அமெரிக்காவில் அதுவும் நடந்தது. ரோட் ஐலண்டைச் சேர்ந்த சிற்பி ஆர்மண்ட் லமோன்டேன், அமெரிக்கக் குடியேற்றத் தொடக்ககாலப் பாணியில், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகத் தோன்றும் ஒரு நாற்காலியை 1969ல் செய்து பழமை ஏற்றினார். வல்லுநர்களை ஏமாற்ற முடியும் என்று காட்டுவதே அவர் நோக்கம். அது கைமாறிச் சென்று, புகழ்பெற்ற ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தால் உண்மைப் பொருளாகவே வாங்கப்பட்டது. 1977ல் செய்தவரே உண்மையை வெளியிட்டார். பொருத்துகளின் உள்ளே நவீனத் துரப்பண முனையால் துளையிட்டிருந்தார். ஊடுகதிர்ப் படம் அதை உறுதிப்படுத்தியது. அருங்காட்சியகம் அந்நாற்காலியை மறைத்துவிடாமல், போலியை இனங்காணக் கற்பிக்கும் பாடப்பொருளாகப் பயன்படுத்தியது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு வாலஸ் நட்டிங். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பழைய அமெரிக்கச் சாமான்களை நுட்பமாக அளந்து நகல்கள் செய்வித்து விற்றார். முதலில் காகிதச் சீட்டை ஒட்டினார். சீட்டை யாரும் கிழித்துவிடலாம். பின்னர் அவருடைய பெயரே மரத்தில் சூட்டிரும்பால் பதிக்கப்பட்டது. இன்று அந்நகல்களையே தேடி வாங்குவோர் உள்ளனர்.

நகலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு வேலைத்திறத்தில் இல்லை என்பது இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்து விளங்கும். இரண்டும் ஒரே அளவு திறமையோடு செய்யப்படலாம். "இதை இன்னார், இந்த ஆண்டில் செய்தார்" என்று ஒன்று சொல்கிறது, மற்றொன்று மறைக்கிறது.

இன்றைய நிலை

இந்தியாவில் இவ்வேறுபாடு சட்டத்தோடும் தொடர்புடையது. பழம்பொருள்கள், கலைச் செல்வங்கள் பற்றிய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழையது போலத் தோன்றும் புதிய பொருளை அனுப்புவோர், அது பழம்பொருள் அன்று என்று தொல்லியல் துறையிடம் சான்று பெற வேண்டியிருக்கும். நேர்மையான நகல் செய்யும் தச்சருக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. பழைய வீடுகளைக் கலைத்து மரச்சாமான்களை விற்றுத் தீர்ப்பதற்குப் பதிலாக, நல்ல நகல்களுக்குத் தேவை ஏற்பட்டால் பழையன இங்கேயே தங்கும். தச்சருக்கும் வேலை கிடைக்கும்.

மரம் கிடைப்பதும் மாறிவிட்டது. ஈட்டி மரத்தின் பன்னாட்டு வணிகம் 2017 முதல் உடன்படிக்கைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது. தந்த வணிகம் தடை செய்யப்பட்டுவிட்டது. எனவே இன்றைய நகல்கள் பெரும்பாலும் தோட்டத் தேக்கிலோ, இடித்த வீடுகளின் பழைய உத்தரங்களிலோ செய்யப்படுகின்றன. பழைய உத்தரம் பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் என்பதால் வேலைக்கு நல்லது. ஆனால் பழைய மரத்தில் செய்த புது மேசையைப் பழைய மேசை என்று விற்கும் ஆசைக்கும் அதுவே வழி வகுக்கிறது.

நல்ல நகலுக்கு வேண்டியவை எவை? மூலப்பொருளைப் படமாக மட்டும் பார்க்காமல் கழற்றி, உள்ளே உள்ள பொருத்துகளையும் அளந்தறிதல். போய்ச் சேரும் ஊரின் காற்றுக்கு ஏற்ற அளவுக்கு மரத்தை உலர்த்துதல். அகலப் பலகைக்கு விரியவும் சுருங்கவும் இடம் விடுதல். அடியில் பெயரும் ஊரும் ஆண்டும் பொறித்தல். முதல் மூன்றில் பழைய தச்சர் அறிவோடு இன்று ஈரமானியும் உலர்த்தும் சூளையும் துணை நிற்கின்றன. ஒப்பந்த விலையையும் நாள்கணக்கையும் மட்டும் பார்த்து உலராத மரத்தில் உருவத்தை மட்டும் செதுக்கித் தள்ளும் வேலையில் இவை காணாமற் போகின்றன. அப்போது வெளிநாட்டில் பிளந்து நிற்கும் மேசை ஒரு கைத்தொழிலின் நற்பெயரையே கெடுத்துவிடும்.

நான்காவதுதான் நம்மிடம் மிகக் குறைவாக இருந்தது. ஃபைஃபின் பெயரையும் மெக்கின்டயரின் பெயரையும் உலகம் அறியும். அவர்கள் வாழ்ந்த அதே காலத்தில் தரங்கம்பாடியிலும் நாகப்பட்டினத்திலும் அதே அளவு நுட்பமாக வேலை செய்த தச்சர்களை நாம் அறியோம். அருங்காட்சியகச் சீட்டுகள் 'சோழமண்டலக் கரை' என்றுமட்டும் சொல்கின்றன. கடந்துபோனதை மாற்ற முடியாது. இனி நடப்பதை மாற்றலாம். வீட்டில் தாத்தா காலத்து மேசையோ நாற்காலியோ இருந்தால் மாணவர்கள் அதன் அடிப்பக்கத்தை ஆராய்ந்து பார்க்கலாம். செய்த தச்சர் யார், எந்த ஊர், என்ன மரம் என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே ஒட்டி வைக்கலாம். புதிதாக ஒன்று செய்யச் சொல்லும்போது, தச்சரின் பெயரையும் ஆண்டையும் மரத்திலேயே பொறித்துத் தருமாறு கேட்கலாம். அதற்குச் செலவு ஒன்றும் ஆகப்போவதில்லை.